விநாடியில் நூறிலொரு கூறு

ஒரு விநாடியை நூறு கூறாக்கி, அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் அஃது எத்துணைச் சிறிது! கண்ணிமைக்கும் பொழுதுங்கூட அதனினும் பன்மடங்கு நீண்டது. அச்சிறு கூறு ஒரு பெண்ணுக்குப் பொன்னையும் மற்றொருவருக்கு வெள்ளியையும் பங்கிட்டளித்த வரலாற்றை இவ்வாரம் நேயர்களுக்குக் கூற விரும்புகின்றோம்.

பெலாரஸ் கடலற்ற நாடு. ஆயினும் ஏரிகளுக்கு அங்கே பஞ்சமில்லை. அந்நாட்டின் மின்ஸ்க் மாகாணத்தில் 1972ஆம் ஆண்டு ஜூன் 2ஆந் திகதி பிறந்தவர் எகத்தரீனா கதத்தோவிச். அப்பொழுது பெலாரஸ், சோவியத் ஒன்றியத்தின் ஓர் உறுப்பாக இருந்தது. 1991இல் ஒன்றியம் கலைந்தது. மறு ஆண்டு பார்சலோனாவில் நடந்த ஒலிம்பிக் விழாவில் பழைய சோவியத் குடியரசுகள் பல கூட்டணியாகக் கலந்துகொண்டன. அவ்வணியின் நால்வர் படகிலே எகத்தரீனாவும் இருந்தார், வெண்கலம் கிடைத்தது. ஆனால் அந்நால்வருக்காக ஏற்றப்பட்டது எந்த நாட்டின் கொடியும் அன்று. ஒலிம்பிக்கின் ஐவளையக் கொடியே!

நான்கு ஆண்டுகள் சென்றன. 1996இல் அத்லாந்தா விழாவுக்கு அவர் தனியாள் படகுடன் சென்றார். காலிற் கொடுங்காயமுற்றும் முந்திய விழாவிலே வெண்கலம் வென்ற கனடா வீராங்கனை சில்கன் லௌமன் அங்கே இரண்டாமவரானார், எகத்தரீனா முதல்வரானார். சுதந்திர பெலாரஸ் பெற்ற முதல் ஒலிம்பிக் பொற்பதக்கம் அதுவே.

தனியாள் படகு என்பது ஏறத்தாழ 8 மீற்றர் நீளமுள்ள ஓர் ஊசி போன்றது. அதன் எடை குறைந்தது 14 கிலோகிராம் இருத்தல் வேண்டுமென்பது விதி. பள்ளிச் சிறுவன் ஒருவனைவிட இலேசானது. வலிப்பவர் இரு கைகளிலும் இரு துடுப்புகளைப் பற்றுகின்றார். துடுப்பு வலிப்போருக்குத் தோளே பலம் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். ஆசனம் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகர்வதால் உண்மையில் பெரும்பாரம் கால்களுக்கே. இன்னுமொரு விந்தை, அவர் சேருமிடத்துக்கு முதுகு காட்டியே செல்கின்றார். பின்தங்குவோரை அவர் காண்பார், முந்துவோரைத் திரும்பினாலன்றிக் காணார். ஒலிம்பிக்கிற் பெண்களுக்கு இப்போட்டி 1976இலேதான் வந்தது. அன்று தூரம் 1000 மீற்றர். 1988 முதல் ஆடவரைப் போலவே 2000 மீற்றர்.

ஜேர்மானியர் ஒருவரை மணந்து எகத்தரீனா கார்ஸ்தன் ஆனபின்னரும் அவர் பெலாரஸுக்காகவே வலித்தார். 2000ஆம் ஆண்டு, சிட்னி. இறுதிப் போட்டியிற் பல்கேரியாவின் ருமியானா நெய்க்கோவாவும் அவரும் கோட்டை ஒருங்கே கடந்தனர் போலத் தோன்றிற்று. கரையில் நின்ற எவராலும் வென்றவரைச் சொல்ல இயலவில்லை. நிழற்படத்தை ஆராய்ந்த பின்னரே முடிவு வந்தது: கார்ஸ்தன் 7 நிமிடம் 28.14 விநாடி; நெய்க்கோவா 7 நிமிடம் 28.15 விநாடி.

மாணவர்கள் இங்கே சிறு கணக்கொன்றைச் செய்து பார்க்கலாம். 2000 மீற்றரை 448 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ நாலரை மீற்றர் வேகம் வரும். அதில் நூறிலொரு பங்கு நாலரைச் சென்ரிமீற்றர். ஒரு தீப்பெட்டியின் நீளங்கூட இல்லை! மேலும், படகு ஒரே சீராகச் செல்வதில்லை. ஒவ்வொரு வலிப்பிலும் ஒரு கணம் விரையும், ஒரு கணம் தயங்கும். கோட்டைத் தொடும் வேளையில் எவருடைய படகு விரைந்தது என்பதும் இத்தகைய முடிவைத் தீர்மானித்துவிடலாம். ஆகவே நெய்க்கோவாவை அன்று தோற்றவரென்று சொல்ல எமக்கு நா எழவில்லை.

அவரும் ஓய்ந்துவிடவில்லை. 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் தனியாள் படகில் உலக வாகை சூடினார். 2004இல் ஏதென்ஸில் ஜேர்மனியின் கத்ரின் ருட்சோ வெல்ல, கார்ஸ்தன் வெள்ளியும் நெய்க்கோவா வெண்கலமும் பெற்றனர். பின்னர் 2005, 2006, 2007 என மூன்றாண்டுகள் உலக வாகை தொடர்ந்து கார்ஸ்தனுக்கே. இனி நெய்க்கோவாவுக்குக் காலம் கடந்தது என்றே எவரும் நினைத்திருப்பர்.

2008இல் பெய்ஜிங்கில் மீண்டும் இறுதிப் போட்டி. இம்முறை நிழற்படத்துக்கு வேலையில்லை. முதலில் வந்தவர் 35 வயதான நெய்க்கோவா, அடுத்தவர் அமெரிக்காவின் மிஷெல் கெரெட், மூன்றாவதாகவே கார்ஸ்தன். சிட்னியில் தீப்பெட்டி நீளத்தால் நழுவிய பொன், எட்டு ஆண்டுகளின் பின் நெய்க்கோவாவின் கழுத்தில் விழுந்தது. அதே மேடையில் கார்ஸ்தன் வெண்கலத்துடன் நின்றார்.

அத்துடன் அவர் துடுப்பை வைத்துவிட்டார் என்று நேயர்கள் எண்ணவேண்டாம். மறு ஆண்டே, 37ஆம் வயதில், போலந்தின் பொஸ்னானில் ஆறாவது முறையாகத் தனியாள் படகின் உலக வாகையைக் கைப்பற்றினார். 2012இல் லண்டனில் ஐந்தாம் இடம். 2016இல் ரியோவில் மீண்டும் தொடக்கக் கோட்டுக்கு வந்தபோது அவருக்கு வயது 44. அஃது அவருடைய ஏழாவது ஒலிம்பிக்.