உங்களுக்குத் தெரியுமா? மூளைக்கு மருந்து போகும் வழிக்கும் வழக்கு!

ரத்தத்தில் கலக்கிற மருந்தெல்லாம் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடாது. 1885-இல் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக் விலங்குகளின் உடம்பில் சாயம் ஏற்றிப் பார்த்தார். மற்ற உறுப்புகளில் நிறம் ஏறியது, மூளையில் மட்டும் ஏறவில்லை. மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருந்து காவல் காக்கின்றன.

பார்க்கின்சன் நோயாளிக்குக் குறைவது டோபமைன். ஆனால் அதையே கொடுத்தால் இந்தக் காவலைத் தாண்டாது. லெவோடோபா தாண்டும், உள்ளே போய் டோபமைனாக மாறும்.

மருந்து பழசானாலும் அதைக் கொண்டுசேர்க்கும் வகை புதிது என்றால் காப்புரிமை கேட்கலாம். சண்டையும் அங்கேதான் தொடங்குகிறது.

அல்சைமர் நோயாளிகளின் தோலில் ஒட்டும் ரிவாஸ்டிக்மைன் பேட்சைக் கொண்டுவந்தது நோவார்டிஸ் நிறுவனம். மருந்து கெடாமலிருக்க அதில் ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்த்ததற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். 2015-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லும் என்றது. போட்டியாளரான நோவென் நிறுவனம் காப்புரிமை அலுவலகத்தில் முறையிட, அங்கே செல்லாது என்று முடிவானது. 2017-இல் அதே நீதிமன்றம் இந்த முடிவையும் உறுதிசெய்தது! முரண்பாடு இல்லை. நீதிமன்றத்தில் காப்புரிமையை உடைக்க மிக வலுவான ஆதாரம் வேண்டும். அலுவலகத்தில் அவ்வளவு தேவையில்லை.

நலாக்சோன் வழக்கு இன்னும் முக்கியம், உயிர் சம்பந்தப்பட்டது. ஹெராயின், ஃபென்டனில் போன்றவை அளவு மீறினால், மூச்சை இயக்கும் மூளைப்பகுதி மந்தமாகி மூச்சே நின்றுபோகும். மூளையின் ஏற்பிகளிலிருந்து அவற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வது நலாக்சோன். 1971 முதல் ஊசி மருந்தாக இருக்கிறது. பின்னாளில் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் சிரிஞ்சின் முனையில் தெளிப்பான் செருகி, இரண்டு மூக்குத் துளைகளிலும் அடித்துப் பிழைக்க வைத்தார்கள். நார்கான் என்ற 4 மில்லிகிராம் ஸ்பிரேக்கு அனுமதி கிடைத்தது 2015-இல்தான். அதன் மலிவுப் பதிப்பைக் கொண்டுவர டேவா நிறுவனம் முயன்றதும், காப்புரிமை வைத்திருந்த அடாப்ட் ஃபார்மா வழக்குப் போட்டது. ஸ்பிரேயில் சேர்த்திருந்த பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்பொருள் நலாக்சோனைச் சிதைக்கும் என்று பழைய ஆவணம் ஒன்று சொல்லியிருக்க, அதைச் சேர்க்க வேறு யாருக்குத் தோன்றும் என்பது அவர்கள் வாதம். எடுபடவில்லை. துறை அறிந்தவர் எவரும் எட்டக்கூடியதுதான் என்று 2020-இல் விசாரணை நீதிமன்றம் காப்புரிமைகளைத் தள்ளியது. 2022 பிப்ரவரியில் மேல்முறையீட்டிலும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதுவே நின்றது. சரியான தீர்ப்பு. உயிர் காக்கும் ஸ்பிரேயை ஒரே கம்பெனி கையில் வைத்திருக்கக் கூடாது.

நம் நாட்டில்? காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, மனிதருக்குச் செய்யும் சிகிச்சை முறை எதற்கும் காப்புரிமை இல்லை என்கிறது. மருந்துக் கலவைக்குக் கேட்கலாம். மூக்கு வழியாகவோ முதுகுத்தண்டு வழியாகவோ அதைச் செலுத்தும் முறைக்குக் கேட்க முடியாது. அதோடு, காப்புரிமை வழங்குவதற்கு முன்பே ஆட்சேபம் தெரிவிக்க 25-ஆவது பிரிவு யாருக்கும் இடம் தருகிறது. நோயாளிகளும் அவர்களின் சங்கங்களும் இந்த உரிமையைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.