அமெரிக்க விடுதலைப் போரின் காரணங்கள்

அமெரிக்க விடுதலைப் போர் (1775–1783) என்பது வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரத்தில் இருந்த 13 பிரித்தானியக் குடியேற்றங்கள் பெரிய பிரித்தானியாவின் ஆட்சியை எதிர்த்து நடத்திய போர் ஆகும். இதன் முடிவில் ஐக்கிய அமெரிக்கா தனிநாடாக ஏற்கப்பட்டது. தாங்க முடியாத வரிச்சுமையே இப்போருக்குக் காரணம் எனப் பலரும் கருதுவதுண்டு. ஆனால், குடியேற்றவாசிகள் செலுத்திய வரி இங்கிலாந்து மக்கள் செலுத்தியதை விடக் குறைவானதே. வரியின் அளவை விட, அதை விதிக்கும் உரிமை யாருக்கு உரியது என்பதே பிணக்கின் மையமாக இருந்தது. 1763 ஆம் ஆண்டில் தம்மைப் பிரித்தானிய மன்னரின் குடிமக்கள் எனப் பெருமையுடன் கூறிக்கொண்ட மக்கள், 12 ஆண்டுகளில் அம்மன்னரின் படைகளுக்கு எதிராக ஆயுதம் ஏந்தினர்.

பின்னணி

ஏழாண்டுப் போரில் (1756–1763) பிரான்சை வென்ற பிரித்தானியா, கனடாவையும் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள நிலப்பகுதிகளையும் பெற்றது. அப்போரினால் அதன் தேசியக் கடன் ஏறத்தாழ இருமடங்காக உயர்ந்தது. அமெரிக்காவில் நிறுத்தப்பட்ட படைகளுக்கான செலவில் ஒரு பகுதியை அங்குள்ள மக்களே ஏற்க வேண்டும் என லண்டன் கருதியது. பிரெஞ்சுக்காரரின் அச்சுறுத்தல் நீங்கிய பிறகு இப்படைகள் எதற்கு என்பது குடியேற்றவாசிகளின் கேள்வியாக இருந்தது. அதே ஆண்டில் அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே குடியேறுவதைத் தடுத்து மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வெளியிட்ட அறிக்கை, நிலம் தேடியவர்களுக்கு ஏமாற்றம் அளித்தது.

ஒவ்வொரு குடியேற்றமும் தனக்கென ஒரு சட்டமன்றத்தைக் கொண்டிருந்தது. உள்ளூர் வரிகளை அதுவே விதித்தது. பல இடங்களில் ஆளுநரின் ஊதியமும் அதன் கையிலேயே இருந்ததால், மன்னர் அனுப்பிய ஆளுநரும் சட்டமன்றத்தை அனுசரித்தே நடக்க வேண்டியிருந்தது. பல பத்தாண்டுகளாக நிலவிய இந்த வழக்கத்தையே புதிய சட்டங்கள் தொட்டன.

வரிச் சட்டங்கள்

1764 ஆம் ஆண்டின் சர்க்கரைச் சட்டம் வெல்லப்பாகு மீதான தீர்வையைக் காலனுக்கு 6 பென்னியிலிருந்து 3 பென்னியாகக் குறைத்தது. வரி குறைந்தும் எதிர்ப்பு எழுந்தது வியப்பாகத் தோன்றலாம். பழைய தீர்வை பெரும்பாலும் வசூலிக்கப்பட்டதே இல்லை. புதியது கண்டிப்பாக வசூலிக்கப்பட்டது. மீறுவோர் ஜூரிகள் இல்லாத கடல்சார் நீதிமன்றங்களில் விசாரிக்கப்பட்டனர்.

1765 ஆம் ஆண்டின் முத்திரைத்தாள் சட்டம் இதனினும் ஆழமாகப் பாய்ந்தது. பத்திரங்கள், செய்தித்தாள்கள், பஞ்சாங்கங்கள், சீட்டுக்கட்டுகள் ஆகிய யாவற்றுக்கும் வரி விதிக்கப்பட்டது. வழக்கறிஞர்களும் அச்சகத்தாருமே இதனால் முதலில் பாதிக்கப்பட்டனர். பேசவும் எழுதவும் வல்ல இவர்களைப் பகைத்துக்கொண்டது அரசின் பெருந்தவறு எனலாம். தங்கள் பேராளர் இல்லாத நாடாளுமன்றம் தங்கள் மீது வரி விதிக்க இயலாது என்பது குடியேற்றவாசிகளின் வாதம். மான்செஸ்டர், பர்மிங்காம் போன்ற நகரங்களுக்கும்தான் தனி உறுப்பினர் இல்லை, நாடாளுமன்றம் எல்லாக் குடிமக்களுக்காகவும் பேசுகிறது என்பது எதிர்வாதம். 1765 அக்டோபரில் 9 குடியேற்றங்களின் பேராளர்கள் நியூயார்க்கில் கூடினர். முத்திரைத்தாள் விற்பனைக்கு அமர்த்தப்பட்டவர்கள் ஏறத்தாழ எல்லா இடங்களிலும் மிரட்டலுக்கு அஞ்சிப் பதவி விலகினர். பிரித்தானிய வணிகர்களும் நட்டத்தைக் காட்டி முறையிட்டதால் 1766 இல் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. எனினும், எல்லா வகையிலும் குடியேற்றங்களுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் தனக்கு உண்டு என நாடாளுமன்றம் அதே நேரத்தில் அறிவித்தது. வரி நீங்கியது, வழக்கு நீங்கவில்லை.

1767 இல் கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகியவற்றின் மீது டவுன்ஷெண்ட் தீர்வைகள் விதிக்கப்பட்டன. இவ்வருவாயிலிருந்து ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் ஊதியம் வழங்குவது திட்டமாக இருந்தது. அவ்வாறு நடந்தால் சட்டமன்றங்களின் பிடி தளர்ந்துவிடும். மக்கள் பிரித்தானியப் பொருட்களைப் புறக்கணித்தனர். 1768 இல் பாஸ்டன் நகருக்குப் படைகள் அனுப்பப்பட்டன. 1770 மார்ச் 5 அன்று அங்கு படையினர் சுட்டதில் ஐவர் இறந்தனர். அப்படையினருக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ் என்பது குறிப்பிடத்தக்கது.

தேயிலையும் தண்டனையும்

1770 இல் தேயிலை தவிர்ந்த பிற தீர்வைகள் நீக்கப்பட்டன. 1773 இல், நிதி நெருக்கடியில் சிக்கியிருந்த கிழக்கிந்திய நிறுவனத்தைக் காப்பாற்ற, அமெரிக்காவிற்கு நேரடியாகத் தேயிலை விற்க அதற்கு அனுமதி அளிக்கப்பட்டது. இதனால் தேயிலையின் விலை குறையும். ஆனால் அதை வாங்குவது நாடாளுமன்றத்தின் வரியை ஒப்புக்கொள்வதாகும் எனப் பலர் கருதினர். 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. இது இந்தியத் தேயிலை எனத் தவறாக எண்ணுவோர் உண்டு. உண்மையில் அது சீனத் தேயிலை ஆகும்.

1774 இல் நாடாளுமன்றம் பாஸ்டன் துறைமுகத்தை மூடியது. மாசசூசெட்ஸ் ஊர்க்கூட்டங்களைக் கட்டுப்படுத்தி, அதன் ஆட்சி அமைப்பையும் மாற்றியது. ஒரு நகரைத் தனிமைப்படுத்தும் நோக்கம் நேர்மாறான விளைவைத் தந்தது. மாசசூசெட்ஸிற்கு நேர்ந்தது தமக்கும் நேரலாம் எனப் பிற குடியேற்றங்கள் அஞ்சின. 1774 செப்டம்பரில் ஜார்ஜியா தவிர்ந்த 12 குடியேற்றங்கள் பிலடெல்பியாவில் முதலாம் கண்டப் பேரவையைக் கூட்டின. புறக்கணிப்பைக் கண்காணிக்க ஊர்தோறும் குழுக்களை அமைக்க அது முடிவு செய்தது. இக்குழுக்கள் கடைகளைச் சோதித்தன, மீறுவோரின் பெயரை வெளியிட்டன. பல ஊர்களில் ஆளுநரின் ஆணையை விடக் குழுவின் சொல்லே செல்லுபடியாயிற்று. விடுதலை பற்றிய பேச்சு பரவலாக எழும் முன்னரே மாற்று அரசு ஒன்று உருவாகியிருந்தது.

போரும் விடுதலை அறிவிப்பும்

1775 ஏப்ரல் 19 அன்று, காங்கார்டில் இருந்த ஆயுதங்களைக் கைப்பற்றச் சென்ற பிரித்தானியப் படைக்கும் ஊர்க் குடிப்படைகளுக்கும் லெக்சிங்டனில் மோதல் தொடங்கியது. அப்போதும் பலர் பிரிவினையை விரும்பவில்லை. அவ்வாண்டு சூலையில் கண்டப் பேரவை மன்னருக்குச் சமாதான விண்ணப்பம் அனுப்பியது. மன்னர் அதை ஏற்காமல், ஆகஸ்டில் அவர்களைக் கலகக்காரர் என அறிவித்தார். 1776 சனவரியில் வெளிவந்த தாமஸ் பெய்னின் 'பொது அறிவு' என்னும் சிறுநூல் முடியாட்சியையே சாடியது. அதுவரை நாடாளுமன்றத்தின் மீதிருந்த பழி இப்போது மன்னர் மீது திரும்பியது. 1776 சூலை 4 அன்று ஏற்கப்பட்ட விடுதலை அறிவிப்பில் உள்ள குற்றச்சாட்டுகள் மன்னருக்கு எதிராகவே எழுதப்பட்டுள்ளன. அடிமை வணிகத்தைக் கண்டித்த பகுதியைப் பேரவை நீக்கிவிட்டது.

1778 இல் பிரான்சு அமெரிக்கர் பக்கம் சேர்ந்ததால் போர் தமிழகம் வரை எட்டியது. அவ்வாண்டு பிரித்தானியர் புதுச்சேரியைக் கைப்பற்றினர். 1783 சூனில் கடலூரை அவர்கள் முற்றுகையிட்டிருந்தபோது ஐரோப்பாவிலிருந்து அமைதிச் செய்தி வந்ததால் சண்டை நின்றது. அவ்வாண்டு செப்டம்பர் 3 இல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையின்படி, 1763 இல் தடுக்கப்பட்ட அப்பலாச்சியனுக்கு மேற்கே மிசிசிப்பி வரையான நிலமும் புதிய நாட்டிற்குக் கிடைத்தது. அங்கு வாழ்ந்த பழங்குடிகள் பேச்சுவார்த்தைக்கு அழைக்கப்படவில்லை.