'டவுனி', 'ஃபிலிஸ்டைன்', 'ஸ்னாப்': கல்லூரி நகரத்து உள்ளூர்க்காரர்களுக்கு ஏன் இத்தனை பட்டப்பெயர்?

அமெரிக்கா, பிரிட்டனில் பல்கலைக்கழகத்தை நம்பியே இயங்கும் நகரங்கள் பல உண்டு. படிக்க வருபவர்கள் மூணு, நாலு வருஷத்தில் கிளம்பிவிடுவார்கள். அங்கேயே பிறந்து, வேலை பார்த்து, நிரந்தரமாகத் தங்குபவர்களை மாணவர்கள் 'டவுனி' என்பார்கள். 'டவுன்காரர்' என்பதுதான் அர்த்தம். ஆனால், சொல்லும் தொனியில் கொஞ்சம் இளக்காரமும் இருக்கும்.

சும்மா கிண்டல்தானே என்று தோணலாம். ஆனால், இந்தச் சொற்களுக்குப் பின்னால் ரத்தம் சிந்திய வரலாறே இருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டில் என்ன நடந்தது?

1355 பிப்ரவரி 10. மதுக்கடை ஒன்றில் ஒயின் சரியில்லை என்று மாணவர்கள் தகராறு செய்தார்கள். அது ஊர்க்கலவரமாக வெடித்தது. பல்கலைக்கழகத் தரப்பில் 63 பேரும், ஊர்மக்கள் சுமார் 30 பேரும் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. மன்னர் பல்கலைக்கழகம் பக்கம் நின்றார். மேயர் ஆண்டுதோறும் தேவாலயத்துக்குச் சென்று, இறந்த மாணவர்களுக்காக 63 காசு செலுத்த வேண்டும் என்று ஆனது. இந்த வழக்கம் 1825-ல்தான் நின்றது.

'ஃபிலிஸ்டைன்' எப்படி வந்தது?

17-ம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஜெனா நகரில் நடந்த மோதலில் ஒரு மாணவர் கொல்லப்பட்டார். இரங்கல் உரையில் போதகர், பைபிளில் சிம்சோனை வீழ்த்திய பெலிஸ்தரைக் குறிப்பிட்டார் என்பார்கள். அதிலிருந்து ஊர்க்காரர்களுக்கு 'பெலிஸ்தர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் இன்று 'ஃபிலிஸ்டைன்' என்றால் 'ரசனை இல்லாதவர்'.

'ஸ்னாப்' கதை தலைகீழ்!

செருப்புத் தைப்பவரைக் குறித்த இந்தச் சொல்லால், 18-ம் நூற்றாண்டின் இறுதியில் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஊர்க்காரர்களை அழைத்தார்கள். இன்று அர்த்தமே மாறிவிட்டது. மற்றவர்களைத் தாழ்வாகப் பார்ப்பவர்தான் இப்போது 'ஸ்னாப்'!

இப்போது என்ன பிரச்னை?

அடிதடி போய்விட்டது, உரசல் போகவில்லை. மாணவர்கள் வீடு தேடுவதால் வாடகை ஏறுகிறது. பிரிட்டனில் முழுநேர மாணவர்கள் மட்டுமே வசிக்கும் வீட்டுக்கு உள்ளாட்சி வரி கிடையாது. பக்கத்து வீட்டு 'டவுனி' கட்டியாக வேண்டும்.

அப்போ 'டவுனி' வசைச்சொல்லா? யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பாஸ்டனின் சார்ல்ஸ்டவுன் பகுதியில் பரம்பரையாக வசிப்பவர்கள் தங்களைத் தாங்களே 'டவுனி' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நாலு வருஷத்தில் கிளம்பப்போகிறவர் சொன்னால்தான் அது குத்தும்.