நெருங்கிய சமூகத்தின் மறுபக்கம்: மன்னார் தரும் படிப்பினை

மனிதன் தனித்து வாழப் பிறந்தவனல்லன். திருவள்ளுவனார் சுற்றந்தழால் என ஓரதிகாரமே வகுத்தமை இவ்வுண்மையை வலியுறுத்தும். கடலையே வயலாகக் கொண்ட மன்னார்க் கரையிலே இதனைக் கண்கூடாகக் காணலாம். பேசாலை, தாழ்வுபாடு, வங்காலை முதலிய ஊர்களிலே வலை இழந்தவனுக்குக் கைகொடுப்போரும், கடலில் மாண்டவனின் மனைவி மக்களைத் தாங்குவோரும் பெரும்பாலும் உற்றாரும் ஊராருமே. ஆயின், அணைக்குங் கையே இறுக்கவும் வல்லது. நெருங்கிய சமூகத்தின் நன்மைகளை நாம் பலகாற் பாராட்டியிருக்கின்றோம்; அதனால் விளையுங் கேடுகளையும் அறிந்துகொள்ளல் நன்று.

அமெரிக்கச் சமூகவியலறிஞர் அலெயாந்திரோ போர்ட்டெஸ் 1998 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றில் இக்கேடுகளை நான்காக வகுத்தார். புறத்தாரை விலக்குதல், உறுப்பினர்மீது அளவிறந்த உரிமை கொண்டாடுதல், தனிமனிதர் சுதந்திரத்தைக் குறுக்குதல், உயர முயல்வாரைக் கீழே இழுத்தல் என்பன அவை.

முதலிற் சுதந்திரத்தை நோக்குவோம். 1544 இல் மன்னாரிலே கிறித்துவ சமயந் தழுவிய நூற்றுக்கணக்கானோரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான். போர்த்துக்கேயர் ஆதிக்கம் பற்றிய அச்சம் அதற்குக் காரணமாயிற்று. எனினும், பழைய வழியை விட்டு விலகியவன் பகைவனாகவே எண்ணப்படுவான் என்பதற்கு அது கொடிய சான்று. 1560 இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். அவர் ஆட்சியிலே திருக்கேதீச்சரக் கோயில் இடிபட்டது. தம்மவர் அல்லாதாரை ஒறுப்பதில் இருசாராரும் ஒத்திருந்தனர்.

உரிமை கொண்டாடுதல் அத்துணைக் கொடியதன்று. ஆயின் அன்றாடம் நிகழ்வது. பாலித் தீவிலே ஆராய்ச்சி நடத்திய கிளிபோட் கீயேட்ஸ் என்னும் அறிஞர், தொழிலில் முன்னேறியோரை உறவினர் கடனும் வேலையுங் கேட்டு மொய்ப்பதைக் கண்டார். மறுப்பின் பழி, கொடுப்பின் முதல் கரையும். இந்நிலை நம் கரையோர ஊர்களுக்கும் புதிதன்று.

புறத்தாரை விலக்குதலே யாவற்றினும் பெருங்கேடு. 1990 ஒக்டோபரிலே வடமாகாண முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் 70,000 பேருக்கு மேற்பட்டோர். அவருட் பெருந்தொகையினர் மன்னார் மாவட்டத்தினர். எருக்கலம்பிட்டி மக்கள் படகேறிப் புத்தளப் பகுதியை அடைந்தனர். அவர்கள் நம் மொழியையே பேசி, நம் சந்தையிலே கொண்டுங் கொடுத்தும் வாழ்ந்தவர்கள். அவர்களுக்காகப் பரிந்து பேசிய தமிழரும் இருந்தனர். ஆயினும் பெரும்பாலார் வாளாவிருந்தனர். ஆயுதத்துக்கு அஞ்சியமை ஒரு காரணம். நம்மவர் செயலைக் கண்டிப்பது துரோகமென்னும் எண்ணம் மற்றொரு காரணம். ஊர் ஓடினால் ஒத்தோடு, ஒருவன் ஓடினாற் கேட்டோடு என்பது பழமொழி. உண்மையில் ஊரே ஓடும்போதன்றோ நின்று கேட்டல் வேண்டும்!

புகலடைந்த இடத்திலும் இதே படிப்பினை தொடர்ந்தது. புத்தளத்து முஸ்லிம்கள் அவர்களை அன்போடு வரவேற்றனர். ஆயின் ஆண்டுகள் கழிய, தொழிலுக்கும் பாடசாலை இடத்துக்கும் போட்டி எழுந்தபோது, ஒரே சமயத்தவரிடையேயும் அகதி என்னும் பெயர் பிரிவினைக் கோடாயிற்று. 2009 இல் போர் முடிந்த பின் ஊர் திரும்பியோருக்கோ, காணியும் அயலும் முன்போல இருக்கவில்லை. ஆகவே, குறை ஒரு சமயத்துக்கோ ஓரினத்துக்கோ உரியதன்று. மூடிய வட்டம் எதற்கும் உரியது.

மூடிய வட்டம் தன்னவர்க்கும் நட்டமே தரும். மார்க் கிரனோவெற்றர் என்பார் 1973 இல் ஓருண்மையை எடுத்துக் காட்டினார். பலருக்கு வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பர் வாயிலாகவன்றி, எப்போதேனும் சந்திக்கும் அறிமுகத்தார் வாயிலாகவே கிடைத்தது. நெருங்கியோர் யாவரும் அறிந்தது ஒன்றே; புதுச்செய்தி வெளியிலிருந்தே வரல் வேண்டும்.

இதனாற் சுற்றத்தைத் துறத்தல் வேண்டுமென்பது கருத்தன்று. வீட்டுக்குச் சுவர் வேண்டும், வாயிலும் வேண்டும். நம் பழைய மாணவர் சங்கமும் ஒரு நெருங்கிய சமூகமே. விழாக் கொண்டாடும் இவ்வேளையில் நம்மை நாமே மூன்று வினாக்கள் கேட்போமாக. கூட்டத்தில் மறுத்துரைப்பவனைப் பொறுமையோடு கேட்கின்றோமா? நம் வழி விட்டு வேறுவழி சென்றவனைப் பழியாது வாழ்த்துகின்றோமா? நம் கல்லூரியிற் படியாதவன், நம் கோயிலிற் கும்பிடாதவன் துன்புறும்போது, அவனுக்காக நம்மவரையே எதிர்த்துப் பேச நம்மில் ஒருவரேனும் எழுவாரா?