சிக்கு விழுந்த தலைக்கு ஐந்து நிமிடம்

தருமபுரி மாவட்டத்து அரூரிலிருந்து சித்தேரிக்கு மலையேறும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைப்பது யோகம்தான். இறங்கித் தலையைத் தொட்டுப் பார்க்கும்போதுதான் அந்த யோகத்தின் விலை தெரியும். படிய வாரி வந்தவர்களுக்கே முன்நெற்றி முடி குத்திட்டு நிற்கும். தலைக்குக் குளித்துவிட்டு விரித்துப் போட்டு வந்தவர்களுக்கோ பின்கழுத்தில் சிக்கு உருண்டு திரண்டிருக்கும். கல்யாண வீட்டுக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ, தாலுகா ஆபீசுக்கோ போகிற அவசரத்தில் அதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம்.

அந்த ஐந்து நிமிடத்தையும் பெரும்பாலோர் வீணாக்குகிறார்கள். சின்னப்பல் சீப்பை எடுத்து உச்சியிலிருந்து ஒரே இழுப்பு. சிக்கு இறுகுகிறது, முடி அறுகிறது, அறுந்த குட்டை முடிகள் மறுநாள் தலையைச் சுற்றிக் கிளம்பி நிற்கின்றன. தலை கலைவதற்குப் பெரும்பாலும் மூன்றே காரணங்கள்: குளிக்கும் தண்ணீர், உராய்வு, வாருகிற விதம். சீரம், ஜெல் என்று கடையில் விற்பதெல்லாம் இந்த மூன்றையும் கவனித்த பிறகுதான்.

முடி ஏன் முரண்டு பிடிக்கிறது

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் மேற்புறத்தில் ஓட்டு வீட்டுக் கூரைபோல நுண்ணிய செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். அவை படிந்திருக்கும்வரை முடி வழுக்கிக்கொண்டு ஓடும், பளபளப்பும் இருக்கும். செதில் எழும்பினால் ஒரு முடி பக்கத்து முடியைப் பற்றிக்கொள்கிறது. அதுதான் சிக்கு.

செதிலை எழுப்புபவை காரத்தன்மையும் தேய்ப்பும். காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு தலைத்தோலுக்குச் சுமார் 5.5, முடித்தண்டுக்கு இன்னும் குறைவு. குளியல் சோப்போ 9, 10 என்று நிற்கிறது. மேலுக்குப் போடும் சோப்பையே தலைக்கும் போடுகிறவர்களின் முடி வைக்கோலாவதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. முடி நனையும்போது அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்கின்றன. காயும்போது அவை மறுபடி சேர்கின்றன. எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவத்திலேயே முடி நின்றுவிடும். தலையணையில் நசுங்கிக் காய்ந்தால் நசுங்கல்தான்; தளர்ந்த பின்னலில் காய்ந்தால் அழகான அலை. பார்லரில் நடக்கும் சுருட்டல், நேராக்கல் வித்தைகளில் பாதிக்கு அடிப்படை இவ்வளவுதான்.

சித்தேரியில் உராய்வுக்குத் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. அரசநத்தம், கலசப்பாடி போன்ற குக்கிராமங்கள் சாலை கேட்டுப் பல ஆண்டுகள் போராடியவை. சாலை இல்லாத இடத்தில் விறகும் தானிய மூட்டையும் தலைமேல்தான் ஏறும். சும்மாடு உச்சந்தலையில் அசைந்து அசைந்து தேய்க்கும்போது அந்த இடத்து முடி நடுவில் ஒடிந்துபோகும். சுமை தூக்கும் முன் முடியைப் பின்னி, கொண்டையைப் பிடரிக்கு இறக்கிவிட்டு, சும்மாட்டுக்கு அடியில் பழைய மெல்லிய சேலைத் துணி ஒன்றைத் தலையோடு இறுக்காமல் சுற்றிக்கொண்டால் தேய்மானம் நன்றாகக் குறையும்.

போர் தண்ணீரும் சீக்காயும்

தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீர் என்றாலே ஃப்ளோரைடு பேச்சுதான் முதலில் வரும். காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியதே அதற்காகத்தான். ஆனால் குளிக்கும் தண்ணீரில் தலைமுடிக்கு நேரடி எதிரி கால்சியமும் மெக்னீசியமும், அதாவது கடினத்தன்மை. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். சமவெளியின் ஆழ்துளைக் கிணறுகள் பலவும் உப்புத் தண்ணீர்தான். சோப்பு அந்தக் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைக் கசடாகி முடிமேல் ஒட்டிக்கொள்கிறது. எத்தனை முறை அலசினாலும் பிசுக்கு, காய்ந்தால் விறைப்பு.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பாட்டிலில் கால்வாசி தண்ணீர் பிடித்து, கொஞ்சம் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் தண்ணீர் பால்போல் கலங்கினால் அது கடின நீர்.

சீக்காயும் பூந்திக்கொட்டையும் இங்கேதான் கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றன. அவற்றின் நுரைக்குக் காரணமான சபோனின்கள் சோப்பைப்போல் கால்சியத்தோடு கசடாவதில்லை. சீக்காய்க் கொடி கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளர்வது. உசிலை மர இலையைக் காயவைத்து இடித்த அரப்பு, தருமபுரி, சேலம் பக்கத்துச் சந்தைகளில் இன்றும் கிடைக்கிறது. வடிகஞ்சியில் குழைத்துத் தேய்ப்பது இந்த வட்டாரத்துப் பழக்கம். கஞ்சி, தூளின் சொரசொரப்பைக் கொஞ்சம் தணிக்கிறது.

அதற்காக ‘இயற்கை’ என்றாலே தீங்கில்லை என்று நினைத்துவிடக்கூடாது. சலிக்காத சீக்காய்த் தூள் சிக்குக்குள் புகுந்து முடியைக் கீறும். கண்ணில் பட்டால் எரிச்சல் லேசில் அடங்காது. மெல்லிய துணியில் சலித்து, நீர்க்கக் கரைத்து, வாரம் ஓரிரு முறை போட்டால் போதும்.

ஷாம்பு வேண்டாம் என்பதல்ல. மலைக் கிராமத்துப் பெட்டிக்கடை வாசலிலும் பாக்கெட் சரமாகத் தொங்குகிறதே, அதன் கதை தமிழ்நாட்டுக்கே சொந்தம். கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் சிறு பாக்கெட் விற்பனையின் முன்னோடி. அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலில் தொடங்கிய சிக் ஷாம்பு, கூலித் தொழிலாளி வீட்டுக்கும் ஷாம்புவைக் கொண்டுபோனது. இன்று அந்த நிறுவனம் கெவின்கேர். பாக்கெட்டைக் கிழித்து நேராக உச்சந்தலையில் பிழிவதுதான் நம் பழக்கம். அதைவிட, ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கித் தலைத்தோலில் மட்டும் ஊற்றித் தேய்ப்பது நல்லது. வழிந்து வரும் நுரையே நீளமுடிக்குப் போதும். ஷாம்பு எல்லாமே தலைத்தோலின் பி.எச். அளவுக்கு ஒத்துவருவதில்லை: பிரேசில் ஆய்வாளர்கள் 2014-இல் 123 ஷாம்புகளைச் சோதித்தபோது, 5.5 அல்லது அதற்குக் குறைவான பி.எச். கொண்டவை 38 சதவீதமே இருந்தன. அதனால் கடைசி அலசலுக்கு ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு ஊற்றிவிட்டு, பிறகு வெறும் தண்ணீர் ஊற்றினால் செதில் படியும். சாறு தோலில் இருக்கும்போது வெயிலில் போகக்கூடாது. தோல் கருத்துக் கொப்பளிக்கும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் எலுமிச்சையே வேண்டாம்.

நுனியில் தொடங்கி மேலே

சிக்கெடுப்பதற்கு விதி ஒன்றுதான்: கீழிருந்து மேலே. நுனியிலிருந்து நாலு விரல் உயரத்தில் முடிக்கற்றையை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே மட்டும் அகலப்பல் சீப்பை ஓட்ட வேண்டும். பிடித்திருப்பதால் இழுப்பு வேருக்குப் போகாது, குழந்தை அழாது. அது சரியானதும் இன்னும் நாலு விரல் மேலே. முடிச்சு விழுந்த இடத்தில் சீப்பை வைத்துவிட்டு விரலால் பக்கவாட்டில் பிரிக்கலாம்.

உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்த்து நுனிப்பக்கம் தடவிக்கொண்டால் வேலை பாதியாகும். 2003-இல் ஆர்த்தி ரெலே, ஆர்.பி.மோஹிலே இருவரும் மினரல் ஆயில், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், முடியிலிருந்து புரதம் இழப்பதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் இறங்கக்கூடியது. குளிப்பதற்கு முந்தின இரவு வைப்பதில் பலன் அதிகம். வழிய வழிய வைக்க வேண்டியதில்லை.

ஈரத்தலையைத் துண்டால் அடித்து உதறுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். நனைந்த முடிக்கு வலு குறைவு. அந்த அடியில் ஒடியும். ஈரிழைத் துண்டில் பொதிந்து அழுத்தி எடுத்தால் போதும். நேர்முடிக்காரர்கள் பாதி காய்ந்த பிறகு வாரலாம். சுருட்டை முடிக்காரர்கள் எண்ணெயோ கண்டிஷனரோ போட்டு ஈரத்திலேயே விரலால் கோதிவிட வேண்டும். காய்ந்தபின் சீப்பைத் தொட்டால் பரட்டைதான். ஹேர் டிரையர் வைத்திருப்பவர்கள் 15 சென்டிமீட்டராவது தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அவசரத்துக்கு உதவும் கைவேலை

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கையில் கண்ணாடிகூட இல்லை என்று வைத்துக்கொள்வோம். விரல்நுனியைத் தண்ணீரில் நனைத்து முன்நெற்றி, காதோரம் இரண்டையும் மட்டும் ஈரப்படுத்திப் பின்னோக்கித் தடவி, ஒரு நிமிடம் கைக்குட்டையால் அழுத்திப் பிடித்தால் கிளம்பிய குட்டை முடிகள் படியும். தலை முழுவதையும் நனைத்தால் காரியம் கெடும்.

வகிட்டை மாற்றுவது அதைவிடச் சுலபம். ஆண்டுக்கணக்கில் ஒரே கோட்டில் எடுத்த வகிடு தட்டையாகி, எண்ணெய்ப் பிசுக்கும் அங்கேதான் தெரியும். சீப்பின் நுனியால் நெளிநெளியாக வகிடு எடுத்தால் பிசுக்கு மறைந்து, முடியும் அடர்த்தியாகத் தெரியும்.

நீளமுடிக்கு, இரண்டு காதோரத்திலிருந்தும் ஒவ்வொரு கற்றையை முறுக்கிப் பின்னால் கொண்டுபோய் ஒரே கிளிப்பில் மாட்டலாம். முகத்தில் விழுவதும் நிற்கும், மிச்ச முடியின் கலைசலும் வேண்டுமென்றே விட்டதுபோல் இருக்கும். நேரம் இன்னும் குறைவா? மொத்த முடியையும் ஒரு பக்கத் தோளுக்குக் கொண்டுவந்து தளர்வாகப் பின்னிவிடலாம். எந்தப் பின்னலும் கைகூடாத பரட்டைக்கு, அள்ளிமுடிந்த கொண்டையைப்போல் நல்ல மறைப்பு வேறில்லை. முறுக்கிச் சுற்றி நுனியை உள்ளே செருகினால் ரப்பர் பேண்டுகூட வேண்டாம். சுருட்டை முடியில்தான் அது நன்றாக நிற்கும்.

ஆண்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் சுழி. இரட்டைச் சுழிக்கு இரண்டு கல்யாணம் என்று ஊர் சொல்லும். வாஸ்தவத்தில் அது தருவது காலை நேரத்துத் தலைவலி மட்டுமே. சுழியின் அடிமுடியை நனைத்து, காயும்வரை சீப்பால் இடமும் வலமும் மாற்றி மாற்றி வாரினால் முடி எந்தப் பக்கமும் விறைக்காமல் படியும்.

இறுக்கினால் பின்வாங்கும் நெற்றி

கலையக்கூடாது என்று இறுக்கி வாருவது நம் அம்மாக்களின் வைத்தியம். அரசுப் பள்ளி மாணவிகளின் ரிப்பன் கட்டி மடித்த இரட்டைச் சடை உண்மையில் நல்ல ஏற்பாடு: நுனி பத்திரமாக இருக்கும், காற்றில் பறக்காது, அடுத்த பெண்ணின் தலையில் உரசாது. ஆனால் புருவம் மேலே தூக்கும் அளவுக்கு இழுத்துப் பின்னும்போது ஆபத்து தொடங்குகிறது. இழுவிசையால் முன்நெற்றி, பொட்டுப் பக்கத்து முடி உதிர்வதை 1907-லேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் பதிவு செய்திருக்கிறார்கள். காரணம், காலமெல்லாம் இறுக்கிக் கட்டிய குதிரைவால்.

பின்னிய இடத்தில் வலி, வேரைச் சுற்றிச் சிறு சிவப்புப் பருக்கள், நெற்றி ஓரத்தில் முடி பூனைமயிராக மெலிவது ஆகியவை எச்சரிக்கை. இந்தக் கட்டத்தில் தளர்த்திவிட்டால் முடி திரும்ப வளரும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வேரே தழும்பாகி, பிறகு எந்த எண்ணெயும் பயன்படாது. மெல்லிய ரப்பர் பேண்டைவிடத் துணி ரிப்பன் நல்லது. இரவில் சடையை அவிழ்த்துத் தளர்வாகப் பின்னிப் படுக்கலாம்.

பேன் இருந்தால் முதலில் அது

மாணவிகள் சேர்ந்து தங்கும் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் ஒருவருக்கு வந்தால் வரிசையாக எல்லோருக்கும் வரும். பேன் தாவாது, பறக்காது. தலையோடு தலை படும்போது ஊர்ந்து ஏறும். அழுக்குத் தலையில்தான் வரும் என்பது பொய். தினமும் குளிக்கிற தலையும் அதற்குச் சம்மதம்தான். அந்தப் பிள்ளையைத் தனியே உட்காரவைத்து அவமானப்படுத்துவதில் பயனே இல்லை.

பெர்மெத்ரின் ஒரு சதவீத லோஷன் பேனைக் கொல்லும். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால், ஒன்பது பத்து நாள் கழித்து இரண்டாம் முறை போட வேண்டும். அதை விட்டுவிடுவதால்தான் பலருக்கும் திரும்பத் திரும்ப வருகிறது. ஈரத்தலையில் எண்ணெய் தடவி, பேன்சீப்பால் கற்றை கற்றையாக வாருவது மருந்துக்குத் துணை. ஒரே அறையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நாளில் செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் மட்டும் கூடவே கூடாது: தோல் வெந்துபோகும், விளக்கோ அடுப்போ பக்கத்தில் இருந்தால் உயிருக்கே ஆபத்து.

சீப்பு தீர்க்காதவை

முடியை நிரந்தரமாக நேராக்கும் ‘ஸ்மூத்னிங்’, ‘கெரட்டின்’ சிகிச்சைகள் சிறு நகரப் பார்லர்களுக்கும் வந்துவிட்டன. சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு வெளியாகிறது; உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலமும் சாது அல்ல. முடியை நேராக்கிக்கொண்ட ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 26 வயதுப் பெண்ணைப் பற்றி 2024-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் எழுதியது. நாற்காலியில் உட்காரும் முன் பாட்டிலின் லேபிளைக் கேட்டு வாங்கிப் படிப்பதில் வெட்கம் வேண்டாம்.

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. பிரசவமான சில மாதங்களில் கொத்தாகக் கொட்டுவதும் பெரும்பாலும் தானே சரியாகும். வட்ட வட்டமாக முடி போய்ச் செதில் உதிர்ந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். எண்ணெய் பூசிக் காலம் கடத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். முடி மெலிந்து, உடைந்து, கூடவே களைப்பும் மூச்சு வாங்கலும் இருந்தால் ரத்தசோகையையோ தைராய்டையோ சந்தேகிக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். பள்ளிகளில் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு மாத்திரை தருகிறார்கள். அந்த மாத்திரையை டீயோடு விழுங்கினால் டீயிலுள்ள டானின் இரும்பை உடம்பில் சேரவிடாது. டீயை ஒரு மணி நேரமாவது தள்ளிவைத்துவிட்டு, மாத்திரையோடு ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள்ளலாம்.