ஆடும் பக்கமா, அசையாப் பக்கமா?



பலகாரம் சுட்டு விற்பவர்கள், துணி தைப்பவர்கள், பூமாலை கட்டுபவர்கள் என்று நம்மிடையே கைத்தொழில் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பிள்ளைகள் இப்பொழுது, "அம்மா, நமக்கும் ஓர் அகப்பக்கம் வேண்டும்" என்று கேட்கிறார்கள். நல்லதுதான். பட்டணத்துக் கடைக்காரருக்குள்ள வசதி நமக்கும் வரட்டும். ஆனால், பணத்தை எடுத்துக் கொடுக்குமுன் ஒரு கேள்விக்கு விடை தேடிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் சினிமாவைப்போல் ஆடி ஓட வேண்டுமா? சுவரில் மாட்டிய நாட்காட்டியைப்போல் அசையாமல் நிற்க வேண்டுமா?

இதை நான் எழுதக் காரணம் உண்டு. என்னிடம் படித்த மாணவன் ஒருவன். தகப்பனார் இல்லை. தாயார் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கி அவனை ஆளாக்கினார். முதுகுவலியால் வேலையை விட்ட பிறகு, முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கிறார். ஒரு தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு, அம்மாவின் சீட்டுப் பணத்தைக் கொடுத்து, அகப்பக்கம் செய்யும் ஒருவரிடம் மகன் ஒரு பக்கம் செய்து வாங்கினான். திறந்தால் குத்துவிளக்கு சுடர்விடும், மத்தாப்பு சிதறும், எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து உட்காரும். அவன் காட்டியபோது நானும் கைதட்டினேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தீபாவளி நெருங்கியது. ஆர்டர் வரவில்லை. வழக்கமாக அந்த அம்மாவிடம் வாங்கும் பாட்டி ஒருவரை விசாரித்தேன்.

"என்னமோ பட்டாசு வெடிச்சுக்கிட்டே இருந்துச்சு சார். விலை எங்க இருக்குன்னு தேடறதுக்குள்ள கண்ணு கூசிப்போச்சு. பக்கத்துக் கடையிலேயே வாங்கிட்டேன்" என்றார்.

என் கைப்பேசியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் போய்த் திறந்து பார்த்தேன். அங்கே இணைய வேகம் குறைவு. விளக்கு பாதி எரிந்து நின்றுவிட்டது. விலையும் தொலைபேசி எண்ணும் வரவேயில்லை.

வகுப்பில் பாடம் நடக்கும்போது ஒரு வண்ணத்துப்பூச்சி உள்ளே நுழைந்தால் என்ன நடக்கும்? நாற்பது கண்களும் அதன் பின்னே பறக்கும். கரும்பலகையில் எழுதியதை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அது பிள்ளைகளின் குற்றமல்ல. அசைவதை நோக்கி ஓடுவது கண்ணின் இயல்பு. முறுக்கின் விலையைப் படிக்க வந்தவருக்குப் பக்கத்திலேயே மத்தாப்பு சிதறினால், அவர் எதைப் பார்ப்பார்?

கொஞ்சம் பழைய கதையும் தெரிந்துகொள்வோம். உலகத்தின் முதல் அகப்பக்கத்தை, ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் 1991இல் அமைத்தார். வெறும் எழுத்துகள்தாம், அசைவு எதுவும் இல்லை. அதன் நகலை இன்றைக்கும் திறந்து படிக்கலாம். பின்னர், ஆட்டமும் பாட்டுமாகப் பக்கம் செய்ய 'ஃபிளாஷ்' என்ற மென்பொருள் வந்தது. முழுப் பக்கத்தையும் அதிலேயே கட்டிய கடைகள் எத்தனையோ. 2020ஆம் ஆண்டு முடிவோடு எடோப் நிறுவனம் அதைக் கைவிட்டது. அதை மட்டுமே நம்பியிருந்த பக்கங்கள் திறக்காமல் போயின. எளிமையாகக் கட்டியது நின்றது என்பதைக் கவனியுங்கள்.

உடல்நலமும் இதில் அடங்கியிருக்கிறது. 1997 டிசம்பரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் படம் ஓடியபோது, சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் வேகமாக மாறி மாறி மின்னியது. வலிப்பு, மயக்கம், தலைவலி என்று 600க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள். அகப்பக்கங்களுக்கு வழிகாட்டும் டபிள்யூ-3-சி என்ற உலக அமைப்பு, எதுவும் ஒரு விநாடியில் 3 முறைக்கு மேல் பளிச்சிடக்கூடாது என்கிறது. எழுத்துகளுக்குப் பக்கத்தில் தானாகத் தொடங்கி 5 விநாடிக்கு மேல் ஓடும் அசைவை நிறுத்த, பார்ப்பவருக்கு வழி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

அப்படியானால் அசைவே கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். முறுக்குப் பிழிவதை நூறு வரி எழுதினாலும் விளங்காது. பத்து விநாடிப் படம் விளக்கிவிடும். ஆர்டர் அனுப்பியதும் ஒரு சரி அடையாளம் மெல்லத் தோன்றினால், "போய்ச் சேர்ந்துவிட்டது" என்ற நிம்மதி கிடைக்கும். வேலை செய்யும் அசைவு வேண்டும். வேடிக்கை காட்டும் அசைவு வேண்டாம்.

பக்கம் செய்பவரிடம் பேசும்போது இவற்றை மறவாதீர்கள்:

1. பொருள், விலை, தொலைபேசி எண், எந்த ஊர்வரை கொண்டுவந்து கொடுப்பீர்கள் என்ற விவரம், இவை நான்கும் அசையாமல், திறந்தவுடன் தெரிய வேண்டும்.

2. வீடியோ இருந்தால் தொட்டால்தான் ஓட வேண்டும். நிழற்படம் ஒன்றைச் சுருக்கினால் 200 கிலோபைட்டுக்குள் அடக்கிவிடலாம். சிறிய வீடியோவே பல மெகாபைட் பிடிக்கும். 1 மெகாபைட் என்பது ஏறக்குறைய 1,000 கிலோபைட். அந்தச் செலவு வாங்க வருபவரின் தலையில் விழுகிறது.

3. மீதிப் பணத்தைக் கொடுக்குமுன் சோதித்துப் பாருங்கள். வீட்டிலேயே பழைய கைப்பேசியை எடுத்து, இணைய வேகம் குறைந்த இடத்தில் நின்று திறங்கள். பிறகு பாட்டியிடம் கொடுத்து, "விலை என்ன?" என்று கேளுங்கள். அவர் உடனே சொல்லிவிட்டால் பக்கம் தேறிவிட்டது.

என் மாணவன் பிறகு தானே கற்றுக்கொண்டு அந்தப் பக்கத்தை மாற்றினான். இப்பொழுது குத்துவிளக்கு அசையாத படமாக ஓர் ஓரத்தில் நிற்கிறது. கீழே முறுக்கு, விலை, எண். தொட்டால் மட்டும், அம்மா முறுக்குப் பிழியும் கைகள் அசைகின்றன. போன சீட்டுப் பணம் திரும்பவில்லை. அந்த ஆண்டுத் தீபாவளியும் திரும்பவில்லை. ஆனால், மறு ஆண்டு அந்த அம்மா என்னிடம், "ராத்திரியிலயும் போன் அடிக்குது சார், தூங்க விடமாட்டேங்கிறாங்க" என்று சிரித்துக்கொண்டே குறைபட்டார்.

உங்கள் வீட்டுச் சீட்டுப் பணமும் வியர்வையில் விளைந்ததுதான். அது மத்தாப்பாகச் சிதற வேண்டாம். அடுப்பு எரிய உதவட்டும்.