எண்ணெயில் மிதக்கும் மை

ஆனி, ஆடி மாதங்களில் மட்டக்களப்பில் வீசும் கச்சான் காற்றை வானிலை நூல்கள் தனியாகவே குறித்து வைத்திருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி வருகிறது. கடற்காற்றையே தள்ளிவிடும் பலத்தோடு அது வீசும் நாட்களில் வெப்பநிலை 35 பாகை செல்சியசைத் தாண்டும். கார்த்திகை பிறந்தால் எல்லாம் தலைகீழ். வாடைக்காற்று, அடைமழை, கரை தளும்பும் வாவி, 80 சதவீதத்துக்கு மேல் போகும் ஈரப்பதன். இந்த இரண்டு காற்றையும் வயற்காரரும் மீன்பிடிப்பவரும் பார்ப்பதுபோல போட்டோகொப்பிக் கடைக்காரரும் பார்த்தாக வேண்டும். அவருடைய பிழைப்பு நிலைமின்னில் நிற்கிறது. நிலைமின்னுக்கு ஈரம் ஆகாது.

பிளாஸ்டிக் அடிமட்டத்தைத் தலையில் தேய்த்துக் கடதாசித் துண்டுகளை இழுத்துப் பார்க்காத பிள்ளை இல்லை. அந்த இழுவிசையைக் கொண்டு படம் வரையலாம் என்று முதலில் கண்டவர் ஜெர்மனியின் லிச்டென்பெர்க். 1777ஆம் ஆண்டு, மின்னேற்றிய பிசின் பலகை ஒன்றில் தற்செயலாகத் தூசி படிந்து, நட்சத்திரம் போன்ற உருக்களாக நின்றதை அவர் கவனித்தார். அந்த உருக்களைக் கடதாசியில் ஒற்றியும் எடுத்தார். அதன் பயன் விளங்க 161 ஆண்டுகள் ஆயின. நியூயோர்க்கில் ஒரு கம்பனியின் காப்புரிமைப் பிரிவில் வேலை செய்த செஸ்டர் கார்ல்சனுக்கு ஆவணங்களைப் பிரதி எடுப்பதே தீராத தலையிடி. 22.10.1938 அன்று அஸ்டோரியாவில் வாடகை அறை ஒன்றில், உதவியாளர் ஒட்டோ கோர்னேயுடன் அவர் செய்தது இவ்வளவுதான்: கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினார்கள். திகதியும் ஊர்ப் பெயரும் எழுதிய கண்ணாடியை அதன்மேல் வைத்து வெளிச்சம் பாய்ச்சினார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னேற்றம் வடிந்துபோனது. எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் தங்கியது. நுண்ணிய தூளைத் தூவி ஊதியதும் எழுத்து மட்டும் நின்றது. அதை மெழுகுக் கடதாசியில் ஒற்றி எடுத்தார்கள்.

இருபதுக்கு மேற்பட்ட கம்பனிகள் அவரைத் திருப்பி அனுப்பின. 1959இல் செரொக்ஸ் 914 வந்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று புளியந்தீவிலும் கல்லடியிலும் காத்தான்குடியிலும் கடை வாசலில் சூடு கக்கிக்கொண்டிருக்கும் யந்திரங்கள் அந்தத் தகட்டின் பேரப்பிள்ளைகள். தகட்டுக்குப் பதில் உருளை, விளக்குக்குப் பதில் லேசர், தூளுக்குப் பதில் டோனர். டோனர் என்பது நிறத்தையும் பிசினையும் சேர்த்து அரைத்த தூள். மின்னேற்றத்தால் உருளையில் ஒட்டி, மின்னேற்றத்தாலேயே கடதாசிக்குத் தாவி, சூட்டில் உருகிப் பிடித்துக்கொள்கிறது.

தூளுக்கு ஓர் எல்லை உண்டு. உலர் டோனரின் மணி ஒன்று ஏறத்தாழ 5 முதல் 10 மைக்ரோன் வரை இருக்கும். ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரோன். கடையில் எடுத்த வண்ணப் பிரதியை உருப்பெருக்கியால் பார்த்தால் எழுத்தின் ஓரத்தில் சிதறிய புள்ளிகள் தெரியும். முகப் படத்தில் கன்னத்தின் மென்மை கரடுமுரடாகிவிடும். மணியை இன்னும் சிறிதாக்கினால் படம் திருந்தும். ஆனால் அவ்வளவு பொடியான தூள் சொன்ன இடத்தில் நிற்காது. காற்றில் மிதக்கும், யந்திரம் முழுவதும் படியும், சுவாசத்தோடு உள்ளேயும் போகும். இடியப்ப மாவை அரிதட்டில் அரிக்கும்போது முகமெல்லாம் வெள்ளையாகிறது. அதே மாவைக் கரைத்துவிட்டால் ஒரு துகளும் பறப்பதில்லை. திரவ டோனரின் அடிப்படை யோசனை இதுதான்: தூளைக் கரைசலில் விடு, பிறகு எவ்வளவு பொடியாகவும் அரைக்கலாம். அதன் துகள் 1 முதல் 2 மைக்ரோன். ஓப்செட் அச்சில் கடதாசியின் மேல் நிற்கும் மையின் தடிப்பும் கிட்டத்தட்ட அவ்வளவே.

1950களின் முற்பகுதியில் இந்த வழியைத் திறந்தவர்கள் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில், பாதுகாப்புத் துறை ஆய்வுகூடத்தில் இருந்த மெற்காஃபும் ரைட்டும். அவர்கள் மனதில் இருந்தவற்றுள் நிலப்பட அச்சடிப்பும் ஒன்று. மெல்லிய கோடு, சிறிய எழுத்து, பல வண்ணம் எல்லாம் ஒரே தாளில் வர வேண்டிய வேலை அது. தூளுக்கு அது சரிவராது.

துகளை எதில் கரைப்பது? தண்ணீர் முடியாது; சாதாரணத் தண்ணீர் மின்னைக் கடத்தும், உருளையில் வரைந்த மின்படம் நொடியில் அழிந்துவிடும். மின்னைக் கடத்தாத திரவம் வேண்டும். பெற்றோலியத்திலிருந்து பிரித்துச் சுத்திகரித்த, மண்ணெண்ணெய்க்கு ஒன்றுவிட்ட உறவான எண்ணெய் அந்த இடத்துக்கு வந்தது. அதில் நிறத்துகள்கள் மிதக்கும். சிறிதளவு ஒரு சேர்மானத்தைக் கலந்தால் துகள்கள் மின்னேற்றம் பெறும். முட்டை மஞ்சட்கருவிலும் சோயாவிலும் உள்ள லெசித்தின்கூட இதற்குப் பயன்படுகிறது. பிறகு மின்புலம் ஒன்றைக் காட்டினால் துகள்கள் எண்ணெயினூடாக நீந்திப்போய், படம் இருக்க வேண்டிய இடத்தில் படியும். திரவத்தில் துகள் மின்னுக்கு நகரும் என்பது புதிய செய்தியும் அல்ல. மொஸ்கோவில் ரொய்ஸ் என்பவர் 1807இலேயே தண்ணீரில் களிமண் துகள் நகர்வதைக் கண்டிருந்தார்.

முதல் தலைமுறை யந்திரங்களுக்கு நல்ல பெயர் இல்லை. 1970களில் சவின், ரிக்கோ கொப்பி யந்திரங்கள் மலிவு, வேகம் என்று விற்பனையாகின. ஆனால் தாள் ஈரமாக வெளிவந்தது, எண்ணெய் மணத்தது. கடதாசிக்கு எண்ணெயையும் சேர்த்துக் கொடுத்ததுதான் கோளாறு.

அதைத் தீர்த்தவர் பென்னி லண்டா. 1977இல் இஸ்ரேலில் அவர் தொடங்கிய இண்டிகோ கம்பனி 1993இல் டிஜிட்டல் வண்ண அச்சு யந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தது. 2002இல் எச்.பி. அதை வாங்கியது. தந்திரம் நடுவில் இருக்கிறது. உருளையில் உருவான மைப்படம் நேரே கடதாசிக்குப் போவதில்லை. ஏறத்தாழ 100 பாகைக்குச் சூடாக்கிய றப்பர் விரிப்பு ஒன்றுக்கு முதலில் தாவுகிறது. அங்கே எண்ணெய் ஆவியாகிறது. யந்திரம் அந்த ஆவியைப் பிடித்துக் குளிரவைத்துத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. எஞ்சிய பிசின் துகள்கள் இளகி ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. அவற்றை உருண்டையாக அல்லாமல் தும்புகள் நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்திருப்பதால் இந்தக் கோப்பு இறுக்கமாகிறது. இப்போது மை என்பது தூளும் அல்ல, திரவமும் அல்ல. பசைபோன்ற மெல்லிய படலம். குளிர்ந்த கடதாசி அதில் பட்டதும் படலம் இறுகி, முழுதாகக் கடதாசிக்கு மாறிவிடுகிறது. விரிப்பில் ஒன்றும் மிஞ்சாததால் அடுத்த சுற்றில் வேறொரு படத்தை அடிக்கலாம். நூறு தாளில் நூறு பெயர் வேண்டுமென்றாலும் அதற்குச் சம்மதம்.

இனி நம் வாவிக்கரைக்கு வருவோம். உலர் டோனர் மின்னேற்றம் பெறுவது உராய்வால். காற்றில் ஈரம் மிகுந்தால் அந்த ஏற்றம் குறையும். வெள்ளை இடத்தில் சாம்பல் படர்வதும் எழுத்து மங்குவதும் அதனால்தான். இன்னொரு தொல்லை கடதாசியில் இருக்கிறது. தூளை இழுப்பதற்காகக் கடதாசியின் பின்பக்கம் மின்னேற்றுகிறார்கள். ஈரமுறிஞ்சிய தாளில் அது கசிந்துவிடும். கறுப்பு நிரப்பில் திட்டுத் திட்டாக வெள்ளை விழும். மார்கழியில் கடைக்காரர் யந்திரத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார். குற்றவாளி பெரும்பாலும் நேற்று உடைத்து மூடாமல் வைத்த தாள் கட்டு.

திரவ டோனர் இந்த இரண்டிலிருந்தும் பெருமளவு தப்பிவிடுகிறது. அதன் ஏற்றம் எண்ணெய்க்குள் வேதிப்பொருளால் வருவது. கடதாசிக்கு மாறுவதும் சூட்டாலும் அழுத்தத்தாலும், மின்னால் அல்ல. அதற்காக வாவிக்கரைக் கூடத்தில் யன்னலைத் திறந்துவைத்து ஓட்டலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. ஈரத்தில் தாள் விரியும், சுருளும். கச்சான் நாளில் காய்ந்து முறுகும். அச்சுக்கூடத்தின் ஈரப்பதனை 40 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்திருக்கக் குளிரூட்டி ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். மின்கட்டணம் கட்டுபவருக்கு அதன் பொருள் தெரியும். சில வகைக் கடதாசியில் மைப்படலம் சரியாகப் பிடிக்காது. முன்பூச்சு ஒன்று தேவைப்படும். விற்பனைத் தாள்களில் இது சிறிய எழுத்தில் இருக்கும் செய்தி.

இந்த யந்திரத்தின் பெறுமதி தரத்தைவிடத் தொகையில் இருக்கிறது என்பது என் கணிப்பு. நம்மவர் அச்சடிக்கும் பொருட்களைப் பாருங்கள். ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் நினைவு மலர்: அட்டையில் வண்ணப் படம், உள்ளே தேவாரம், வம்சாவழி, நூறோ இருநூறோ பிரதி, ஒரு நாள்கூடப் பிந்த முடியாத கெடு. மாமாங்கேஸ்வரர் ஆலயத்து ஆடி அமாவாசை உற்சவத்துக்கான அழைப்பு, பூப்புனித நீராட்டு விழா அட்டை, கவிதைத் தொகுதி, பாடசாலை ஆண்டு மலர் எல்லாம் நூறுகளில்தான். 1964இல் வெளிவந்த வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ போன்ற ஒரு நூலை மறுபதிப்புச் செய்தாலும் வாங்குவோர் பல்லாயிரம் அல்ல. ஓப்செட்டில் நாலு வண்ணத்துக்கு நாலு பிளேட் போட வேண்டும். நிறம் சரிவரும் வரை தாள்களை வீணாக்க வேண்டும். பத்துப் பிரதிக்கும் பத்தாயிரம் பிரதிக்கும் அந்தத் தொடக்கச் செலவு ஒன்றே. ஆகவே ஆயிரங்களில் ஓப்செட்டை எதுவும் வெல்லாது, நூறுக்குள் ஓப்செட் கட்டுப்படியாகாது. இடைப்பட்ட இருநூறு முந்நூறில்தான் நாம் வாழ்கிறோம். திரவ டோனர் யந்திரம் பிளேட் இல்லாமல் ஓப்செட்டுக்கு அண்மித்த தரத்தைக் கொடுப்பதும் அங்கேதான்.

ஆனால் யந்திரத்தின் விலை பெரிய முதலீட்டாளருக்கே எட்டும். வாங்கியபின்னும் தயாரிப்பாளர் விடமாட்டார். அடிக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் கட்டணம் உண்டு. எனவே மலர் அடிக்கப் போகிறவர் ‘எந்த யந்திரம்?’ என்று கேட்பதைவிட, அட்டையை மட்டும் மாதிரியாக ஒரு தாளில் எடுத்துத் தரச் சொல்லுவது நல்லது. அதை மடித்துப் பாருங்கள்: உலர் டோனர் தடிப்பாகப் பூசியிருந்தால் மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு விழும். பளபளப்பையும் பாருங்கள். உலர் டோனர் பெரும்பாலும் கடதாசி எதுவானாலும் தன் மினுக்கத்தையே காட்டும். திரவ டோனரின் மெல்லிய படலம் மங்கல் தாளில் மங்கலாகவும் மினுங்கும் தாளில் மினுங்கியும் தெரியும்.

இந்தப் படலத்துக்குப் பின்விளைவு ஒன்றும் உண்டு. நம் மாவட்டத்தின் வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1950களில் வைக்கோலைக் கொண்டு கடதாசி செய்யத் தொடங்கியது. பின்னர் கழிவுக் கடதாசியையும் மூலப்பொருளாகப் பயன்படுத்தியது. பழைய தாளை வெள்ளைத் தாளாக்க வேண்டுமானால் கூழிலிருந்து மையைப் பிரித்தாக வேண்டும். கூழில் காற்றுக் குமிழிகளை விட்டால் மைத்துகள் அவற்றில் ஒட்டி மேலே நுரையாக வரும், அதை வழித்தெடுப்பார்கள். ஓப்செட் மை, உலர் டோனர் இரண்டும் பொதுவாக இதற்கு மசியும். திரவ டோனரின் படலமோ தூளாக உடைவதில்லை. குமிழி தூக்க முடியாத அளவு பெரிய, அரிதட்டில் நிற்காத அளவு நெகிழ்வான செதில்களாகக் கிழிந்து, புதிய தாளில் கறும்புள்ளிகளாக வந்து உட்காரும். ஐரோப்பாவில் பழைய கடதாசியை மறுசுழற்சி செய்யும் ஆலைகள் இதைப் பற்றி ஆண்டுக்கணக்காக முறையிட்டு வருகின்றன. அச்சு யந்திரத் தயாரிப்பாளர்கள், கழிவில் இந்தத் தாளின் பங்கு மிகச் சிறியது என்று பதில் சொல்லுகிறார்கள். பல்லாயிரம் தொன் கலவைக் கழிவை எடுக்கும் ஆலைக்கு அந்தப் பதில் பொருந்தலாம். ஓர் அச்சகத்தின் வெட்டுத்துண்டுகளை மட்டும் மூட்டையாக வாங்கும் சிறிய ஆலைக்கு, திரவ டோனர் தாளைத் தனியாகப் பிரித்து, மட்டை செய்யும் கூழுக்கு அனுப்புவதே வழி.